தேயிலைப் பக்கெட்டில் கூடைப் பெண் படம் போடலாமா?

பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் இரண்டு ஏக்கரில் பறிக்கும் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்து, அதே தொழிற்சாலையில் தூள் வாங்கி, 100 கிராம் பக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. இப்போது வரும் விளம்பரங்களில் எனக்கு எது பிடித்திருக்கிறது, உங்களுக்கேற்ற புதுமையான யோசனை ஏதாவது என்னிடம் உண்டா, கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண் படத்தைப் பக்கெட்டில் போடச் சொல்கிறார் வடிவமைப்பாளர், போடலாமா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசி வரியில் “கையில் இருப்பது மூன்று மாதத்துக்கான காசுதான்” என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. இருக்கிற கொஞ்சக் காசை எதை நம்பி இறக்குவது என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்ற மூன்றும் வழியில் வந்துவிடும்.

எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் தூரிகை கழுவும் பையனாகச் சேர்ந்தேன். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலைப் பலகையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவே எழுத்தை நிமிர்ந்து நிற்க வைப்பதற்கே எனக்கு இரண்டு வருடம் போனது. பிறகு கொழும்பில் விளம்பர நிறுவனங்களில் பதினெட்டு வருடம் தமிழ் வாசகம் எழுதினேன். இப்போது மறுபடியும் ஹட்டன், ஒரு சிறிய அச்சகம். ஆகவே அச்சும் வானொலியும் கைக்குப் பழகியவை. கைத்தொலைபேசியில் ஓடும் குறுங்காணொளிகளைப் பொறுத்தவரை நானும் உங்களைப் போலப் பார்வையாளன்தான். அங்கே நான் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேயிலையை நான் குடித்துப் பார்க்கவில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். தூள் நன்றாக இல்லையென்றால் கீழே உள்ள எதுவும் உதவாது.

கூடைப் பெண்ணிலிருந்து தொடங்குவோம். அவள் உங்கள் வடிவமைப்பாளரின் கற்பனையில் பிறந்தவள் அல்ல, நூறு வருடத்துக்கு மேல் பழையவள். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹப்புத்தளைக்கு மேலே இருக்கும் டம்பத்தென்ன அவற்றில் பேர்போனது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்று எழுதி, தேயிலையைச் சிறு பக்கெட்டுகளில் அடைத்து, இங்கிலாந்தின் ஏழை வீடுகளுக்கும் எட்டுகிற விலையில் விற்றார். அந்த 1890களின் விளம்பரங்களிலேயே நம் கொழுந்துப் பெண் வந்து நின்றுவிட்டாள். லிப்டன் சாதாரண ஆள் இல்லை. தேயிலைக்கு வருவதற்கு முன்பு கிளாஸ்கோவில் கொழுத்த பன்றிகளை ஊர்வலமாக விட்டு, அவை லிப்டன் கடைக்குப் போவதாக எழுதி மாட்டியவர். 1881இல் இராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, உள்ளே தங்க நாணயங்களை ஒளித்து வைத்து வெட்டி விற்றவர். கூட்டம் கூட்டத் தெரிந்த வியாபாரி. இங்கிலாந்தில் இருப்பவன் தேயிலைச் செடியைக் கண்டதேயில்லை. அது எங்கே விளைகிறது, யார் பறிக்கிறார்கள் என்பதே அவனுக்குச் செய்தி. அந்தப் படம் அன்று வேலை செய்தது அதனால்தான்.

இன்று அதே படத்தைப் பண்டாரவளை நகரத்துக் கடையில் தொங்கவிட்டால் யாருக்கு என்ன செய்தி? கடைக்கு வரும் அம்மாவே காலையில் மலையேறிக் கொழுந்து பறித்தவராக இருப்பார். இல்லையென்றால் அவருடைய தாயார் பறித்திருப்பார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது நறுமணமா? பல வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டது. அதற்குப் பிறகும் இழுபறி ஓயவில்லை. இத்தனை வருடமும் பக்கெட்டில் இருந்தவள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். மலையகத்துப் பெண் தேயிலை விளம்பரத்தில் எப்போதும் படமாக இருக்கிறாள். அந்த விளம்பரம் ஒரு தடவையாவது அவளைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. பதினெட்டு வருடத்தில் நானே எத்தனை எழுதியிருப்பேன், அவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போதாததற்கு அந்தப் படம் பெரும்பாலும் பொய். சென்ற மாதம் ஒரு இளைஞர் செயற்கை நுண்ணறிவில் செய்த சுவரொட்டியை அச்சடிக்கக் கொண்டுவந்தார். கூடையின் கயிறு தோளில் மாட்டிய பள்ளிக்கூடப் பை போல் தொங்கியது. தலையில் போட்ட கயிற்றில்தான் கூடையின் பாரம் நிற்கும் என்பது அந்த இயந்திரத்துக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி இல்லை, செடியின் மேல் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பு இல்லை, காலில் அட்டைக் கடியும் இல்லை. பட்டுப்புடவை, நெற்றியில் குங்குமம், கையில் முற்றிய இலை ஒரு கொத்து! இரண்டு இலை ஒரு மொட்டு என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும் ஊரில் இந்தப் படத்தை ஒட்டினால் சிரிப்பார்கள். அவர் கேட்கவில்லை, நானும் அடித்துக் கொடுத்துவிட்டேன். தொழில் அப்படி.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. மலைச்சரிவும் பனிமூட்டமும் போட்டு விற்கப்படும் இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் மலையில் விளைவதே இல்லை. ருகுணை, சப்ரகமுவ பக்கத்துத் தாழ்நிலத்தில், பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்கள் விளைவிப்பது அது. அது மட்டமான தேயிலை என்று சொல்ல வரவில்லை. மத்திய கிழக்கில் அதற்குத்தான் கிராக்கி. ஆனால் மலைப் படம் ஒட்டிய பக்கெட்டுக்குள் மலைத் தேயிலை இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. உங்களுடையது உண்மையிலேயே நாலாயிரம் அடி உயரத்து ஊவாத் தேயிலை. அதே படத்தை நீங்களும் போட்டால், உங்களிடம் இருக்கும் உண்மையை அந்தக் கூட்டத்தில் தொலைத்துவிடுவீர்கள். ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பதில்: போட வேண்டாம்.

எனக்குப் பிடித்த விளம்பரங்கள் எவை என்று கேட்டீர்கள். நம் தொழிலிலேயே ஒன்று உண்டு. டில்மாவைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ, 1980களில் அவுஸ்திரேலியச் சந்தைக்குள் போய், பின்னர் தானே தொலைக்காட்சியில் வந்து நின்று, குடித்துப் பாருங்கள் என்றார். நடிகர் இல்லை, பாட்டு இல்லை. இதை நான் செய்கிறேன், என் முகம் இது, என் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துத்தான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன் என்பதே அதன் சாரம். 2023இல் அவர் காலமானபோது அங்கேயுள்ள சாதாரணக் குடும்பங்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பெரிய கம்பனிகள் ஆயிரம் கோடி கொட்டினாலும் வாங்க முடியாத ஒன்று, செய்பவரின் முகம். உங்கள் அப்பாவுக்கு அது இலவசமாக இருக்கிறது. அவர் சிரிக்கக்கூட வேண்டாம்.

2014இல் மௌபிம பத்திரிகைக்காகக் கொழும்பில் லியோ பேர்னெட் விளம்பர நிறுவனம் செய்தது இன்னொன்று. டெங்குக் காலத்தில், நுளம்பை விரட்டும் எண்ணெயை அச்சு மையில் கலந்து பத்திரிகையை அடித்தார்கள். வாசிக்கிற நேரத்தில் நுளம்பு அண்டாது என்பது யோசனை. மையோடு புரள்கிறவன் என்பதால் எனக்கு அதில் கூடுதல் ஆசை. விளம்பரம் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, செய்து காட்டியது. விற்பனை கூடியது என்றும் சொன்னார்கள். அது எந்தளவு உண்மை என்பதில் நான் தலையிட மாட்டேன். விருதுக்கு அனுப்பும் காணொளியில் விற்பனை குறைந்தது என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. அதே போல 2013 கும்பமேளாவில் லைஃப்போய் சவர்க்காரக் கம்பனிக்காரர்கள் உணவகங்களில் பரிமாறிய ரொட்டிகளின் மேல் “கை கழுவினீர்களா?” என்று சூடு போட்டு அச்சிட்டார்கள். இருபத்தைந்து இலட்சம் ரொட்டி. சாப்பிடப் போகும் கை, ரொட்டியைத் தொடப்போகும் அந்த நொடியில் கேள்வியைப் படிக்கிறது. பீகாரில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய தவறிய அழைப்பு வானொலியும் இந்த வகைதான்: மின்சாரம் ஒழுங்காக இல்லாத கிராமத்தில் தொலைக்காட்சி விளம்பரம் யாரைப் போய்ச் சேரும்? ஒரு இலக்கத்துக்கு அழைத்து வைத்துவிட்டால், திரும்ப அழைத்துப் பாட்டும் நகைச்சுவையும் போட்டார்கள், நடுவில் விளம்பரம். ஆள் நிற்கும் இடத்துக்கு விளம்பரம் போய்ச் சேர்ந்தது.

கட்பரிக்காரர்கள் 2021 தீபாவளிக்குச் செய்தது கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் என்பேன். ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவில் பழக்கி, தெருமுனைக் கடைக்காரர் தன் கடையின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஷாருக் கானே அந்தக் கடைக்குப் போகச் சொல்வது போன்ற விளம்பரம் கிடைக்க வழி செய்தார்கள். தொற்றுக்காலத்தில் நொந்துபோன சிறு கடைகளுக்கு அது பெரிய மரியாதை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், இன்று அந்தக் கடைகளில் ஒன்றின் பெயராவது நம் நினைவில் இருக்கிறதா? சொக்லேட்டின் பெயர்தான் இருக்கிறது. பெரிய முகத்தைக் கடன் வாங்கினால் பெயரும் அந்த முகத்தோடு போய்விடும். உங்கள் ஊரில் உள்ள பாடகரையோ யூடியூப் பிள்ளையையோ கூப்பிட்டுப் பேச வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதவை என்றால், 2024 நத்தாருக்குக் கொக்கா கோலா செயற்கை நுண்ணறிவில் செய்த லொறி விளம்பரம். பணமில்லாதவன் அதைச் செய்தால் எனக்குப் புரியும். உலகத்தில் எந்தப் படக்குழுவையும் கூலிக்கு அமர்த்தக்கூடியவர்கள், நத்தார் என்ற மனிதர்களின் பண்டிகைக்கு இயந்திரத்திடம் போனார்கள். வந்த விமர்சனத்துக்குப் பிறகு அடுத்த வருடமும் அதையே செய்தார்கள், ஆகவே அவர்களுக்குக் கணக்கு ஒத்துவந்திருக்கலாம். என் மனதுக்குத்தான் ஒத்துவரவில்லை. 2024 நவம்பரில் ஜாகுவார் காரே இல்லாமல் ஒரு கார் விளம்பரம் விட்டது, அதைப் பற்றி ஒரு வரி போதும். நமக்குக் கிட்டவென்றால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலையைச் சரித்துப் போட்ட பிறகு, நிவாரண லொறிகளில் சாமானைவிடச் சின்னம் பெரிதாகத் தெரிந்த சில பதாகைகளைப் பார்த்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்குக் கொடுக்க மனமிருந்தால் வெறும் பையில் கொடுங்கள். ஊருக்குத் தெரியும்.

இனி மொழி. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, வருடக்கணக்காகப் பட்டுத் தெரிந்தது. நம் நாட்டில் தமிழில் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை தமிழில் யோசிக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலத்தில் யோசித்து, சிங்களத்தில் பாட்டுப் போட்டு, மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்குத் தமிழ் எழுதுகிறவனைக் கூப்பிடுவார்கள். உதடு அசைவுக்கு ஏற்ற மாதிரிச் சொல் வேண்டும், அதுவும் ஆறு மணிக்குள். அப்படிப் பிறந்ததுதான் “உங்கள் நாளைப் புத்துணர்வூட்டும் நறுமணத் தேநீர் அனுபவம்” போன்ற வாசகங்கள். யார் வீட்டில் தேநீர் அனுபவம் நடக்கிறது? யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணீர், நம் தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது லயத்தில், சாயத்தண்ணீர். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற அந்தச் சாயத்தண்ணீரின் பெயரில் இதுவரை ஒரு விளம்பரம் வந்து நான் பார்க்கவில்லை. பக்கெட்டில் சட்டத்துக்குத் தேவையான இடத்தில் தேயிலை என்று எழுதுங்கள். சுவரொட்டியில் சாயத்தண்ணீர் என்று எழுதிப் பாருங்கள். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளை அந்தச் சொல்லைப் பார்த்தால் கால் நிற்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன், சோதித்துப் பார்த்ததில்லை.

எழுத்து எப்படி அச்சாகிறது என்பதையும் கவனியுங்கள். நம் அச்சகங்களில் பல இன்னமும், யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில்தான் ஓடுகின்றன. நீங்கள் தொலைபேசியில் யுனிகோடில் தட்டி அனுப்பியதைப் பழைய மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு இடம் மாறிவிடும். கடைத்திறப்பு விழாப் பதாகை ஒன்றில் “கொழுந்து” என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு துணைக்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பத்தடிப் பதாகை. அதன் கீழே நின்று நாலு பேர் மும்முரமாக நாடா வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் சரியாக இருந்தது என்று அச்சடித்தவர் சத்தியம் செய்தார், உண்மையாகவும் இருக்கும். அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியைக் கடுதாசியில் எடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், உங்களைத் தவிர வேறொருவரிடம், காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது நாள். இதை நான் கற்றது ஒரு பிஸ்கட்டால். கொழும்பில் வேலை செய்தபோது, ஒரு கம்பனியின் புது பிஸ்கட்டுக்கு மலையகத்தில் மட்டும் வானொலி விளம்பரமும் சுவரொட்டியும் போட்டோம். மாதத்தின் முதல் வாரம் முழுக்க அமளி. ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் விற்பனை நகரவேயில்லை. வாசகம் சரியில்லை, தமிழ் கடினம் என்று என் தலையில் பழி விழுந்தது. மனம் கேட்காமல் தலவாக்கலைக்குப் போகும் வழியில் தோட்டத்துச் சந்திக் கடை ஒன்றில் இறங்கினேன். கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து நீளமான கடன் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள், எதிரே மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய். “பிள்ளைகள் வானொலியைக் கேட்டுவிட்டுப் பிஸ்கட்தான் கேட்கிறார்கள், அண்ணன். தாய்மார் பத்தாம் திகதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். கடன் கொப்பியில் பிஸ்கட் எழுத யாருக்கும் மனம் வராது,” என்றார். பத்தாம் திகதி சம்பளம். பத்தாம் திகதிக்குள் எங்கள் விளம்பரம் முடிந்துவிட்டது, பிஸ்கட்டை அனுப்புகிறவர்களும் விற்பனை இல்லையென்று குறைத்து அனுப்பினார்கள். சம்பளத்தன்று கேட்டு வந்தவர்களுக்குச் சரக்கு இல்லை. கம்பனி மலையகத்துக்கு விளம்பரம் செய்து பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டது. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே பத்தாம் திகதி மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

உங்கள் விஷயத்தில் நாள் இன்னும் முக்கியம், ஏனென்றால் உங்களிடம் வாங்கப் போவது தோட்டத்தில் இருப்பவர்கள் இல்லை. பல தோட்டங்களில் தூள் தோட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. உங்களிடம் வாங்கக்கூடியவர்கள் யார் என்றால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்து, திரும்பிப் போகும்போது முதலாளிக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் எதையாவது கட்டிக்கொண்டு போகிற நம் பிள்ளைகள்தான். ஊர்த் தேயிலை கொண்டு வந்தாயா என்று அங்கே கேட்கிறார்கள். இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட, கொழும்பிலும் கிடைக்கிற அதே கம்பனிப் பக்கெட்டைப் பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தூரத்திலிருந்து பக்கத்து ஊரான எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. ஆனால் அவர்களைப் பிடிக்கப் பெரிய கடைகள் காத்திருக்கின்றன, அந்தப் போட்டியில் உங்கள் மூன்று மாதக் காசு மூன்று நாளில் கரைந்துவிடும்.

இப்போது யோசனைக்கு வருகிறேன். புதுமை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், அது உங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு முறை தானாக வீசுகிறது. தென்மேல் பருவத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் மழையில் ஊறிக்கிடக்கும்போது, மலையின் மறுபக்கமான உங்கள் ஊவாவில் கச்சான் காற்று அடிக்கும். ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் காய்ந்த காற்றில் செடி வாடி, கொழுந்தின் சாறு இறுகி, அந்தக் காலத்துத் தூளில் கிட்டத்தட்டப் புதினா போன்ற ஒரு மணம் ஏறும். உலகத்தில் தேயிலை சுவைத்துப் பார்க்கும் தொழில்காரர்கள் பலர் ஊவாப் பருவத்தைக் காத்திருந்து வாங்குவார்கள். ஹட்டனைச் சேர்ந்த எங்கள் திம்புளைப் பக்கத்துக்கும் ஒரு பருவம் உண்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அதைப் பற்றி நான் பெருமை பேசத் தொடங்கினால் பதில் முடியாது. பருவத் தேயிலை கொழும்பு ஏலத்தில் தனி விலைக்குப் போகிறது. நாட்டில் விளைவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்றுமதி என்பதால், நல்லது அனேகமாக நம் கண்ணில் படுவதில்லை. உங்களால் அந்த மூன்று மாதத் தூளை மட்டும் வாங்கித் தனிப் பக்கெட்டில் போட முடியுமா? முடியுமென்றால் பக்கெட்டின் முகப்பில் இரண்டே சொல் போதும்: கச்சான் காற்று. கீழே எந்த மாதம், எத்தனை அடி உயரம், அப்பாவின் பெயர். படமே வேண்டாம், அல்லது அப்பாவின் கை மட்டும்.

இது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் முழு எடையும். ஜூன் மாதத் தூளைக் கச்சான் காற்று என்று விற்றால் பிடிபட ஒரு சீசன் போதும். தொழிற்சாலை ஒவ்வொரு தொகுதிக்கும் இன்வொய்ஸ் இலக்கம் வைத்திருக்கும். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பக்கெட்டின் பின்னால் அச்சிடுங்கள். தொழிற்சாலைக்காரர் தரமாட்டார் என்றால் உங்கள் பக்கெட்டுக்கு மாதத்தைப் போடும் உரிமை இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததாகச் சொல்லி, அடுத்த வருடக் காற்றுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது தேயிலையில் நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது, நான் பார்த்தது கருவாட்டுக் கடையில்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எடை, அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். சிங்கம் வாளேந்திய சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதிசெய்து, தரமும் தேறி, அவர்கள் அனுமதித்தால்தான் போடலாம். அழகாக இருக்கிறதென்று இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். சீனி வருத்தம் குறையும், கொழுப்புக் கரையும் என்று எழுதச் சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று எழுதச் சட்டம் இடம் தராது. அவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முகநூலில் காசு கட்டிப் பரப்பலாமா என்று கேட்பீர்கள். முன்பே சொன்னேன், இது என் களம் இல்லை. என் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் கணக்குகளிலிருந்து தெரிந்த ஒன்று மட்டும் நிச்சயம்: ஊரையும் வயதையும் குறித்துக் கட்டாவிட்டால் மதுரையிலும் துபாயிலும் இருப்பவர்கள் விருப்பக் குறி போடுவார்கள், பக்கெட் வாங்க மாட்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற இலக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் கோடு போடுங்கள். சுவரொட்டியில் ஒரு தொலைபேசி இலக்கம், முகநூலில் இன்னொன்று என்று கொடுத்தால் கேட்காமலே தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் அந்தக் கொப்பி என்னைவிட நல்ல ஆலோசகராக இருக்கும்.

காசை நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். பாதியைத் தூளுக்கும் நல்ல பக்கெட்டுக்கும். தூளின் மணம் நிற்க வேண்டும், மலிவு பொலித்தீன் இரண்டு மாதத்தில் மணத்தைக் கொன்றுவிடும். கால் பங்கைக் குடிக்கக் கொடுப்பதற்கு. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தேத்தண்ணீர்க் கடை ஒன்றில், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்து பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்பும் நாள் வரைக்கும் உங்கள் தூளில்தான் சாயம் ஊற்ற வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். தூள் நீங்கள் கொடுப்பது, கோப்பை விலை அவருக்கு. குடித்துவிட்டு என்ன தூள் என்று கேட்பவருக்குக் காட்ட, கண்ணாடி அலுமாரியில் பக்கெட்டுகள் இருக்கட்டும். மிச்சத்தில் ஒரு பலகை. ஃபிளெக்ஸ் வேண்டாம், மலைக் காற்றில் ஆறு மாதத்தில் கிழிந்து தோரணமாகிவிடும். பதுளை, வெலிமடைப் பக்கம் கையால் எழுதுகிறவர்கள் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். போய்ப் பார்க்கும்போது அவர் நூல் சுண்டிக் கோடு போடுகிறாரா என்று கவனியுங்கள், போட்டால் நம்பிக் கொடுக்கலாம். தேயிலை என்றாலே பச்சைதான் என்று பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து எழுத முனைவார், விடாதீர்கள். மாலை நான்கு மணிக்குப் பனி இறங்கினால் பச்சையும் மலையும் ஒன்றாகிவிடும். மஞ்சளில் கறுப்பு எழுதச் சொல்லுங்கள்.